மறு: மரபணு வெளிப்பாடு – வேறு சொல் கிடைக்குமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மூன்று நாளில் வந்த பதினெட்டு மடல்களையும் படித்துவிட்டேன். படிவம் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகத் தேவையை மறுபடி சொல்கிறேன். வாய், தொண்டை, குரல்வளைப் புற்றுநோய் உள்ளவர்களிடம் கட்டியின் சிறு துண்டை ஆய்வுக்குக் கேட்கும் ஒப்புதல் படிவம் இது. அந்தச் செல்களில் எந்த மரபணு கூடுதலாக வேலை செய்கிறது, எது அடங்கிக் கிடக்கிறது என்று பார்ப்பார்கள். இதைத்தான் 'மரபணு வெளிப்பாடு' (gene expression) என்கிறோம்; அதற்கு வேறு நல்ல சொல் உண்டா என்பதே என் கேள்வி. பழைய படிவத்தில் இதை 'மரபணு மாற்றம்' என்று எழுதியிருந்தார்கள். கணவருக்கு நாக்கில் புற்று வந்த ஓர் அம்மா அதைப் படித்துவிட்டு, "அப்போ என் பிள்ளைங்களுக்கும் வருமா?" என்று கேட்டார். கையெழுத்துப் போடாமலே எழுந்து போய்விட்டார். அந்தக் கணவர் முப்பது வருடமாக வெற்றிலை பாக்கோடு புகையிலை போட்டவர். நோய் வந்த வழி அதுதான், பரம்பரை இல்லை. அவர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நான் சொல் தேடுவது அதனால்தான்.

> 'மரபணு' என்பதே பிழை, அது அணு அல்ல. எங்கள் பாடநூல்களில் பரம்பரையலகு என்றே உண்டு.

ஐயா, யாழ்ப்பாணத்தில் அது பழகிய சொல் என்பது எனக்குத் தெரியும். விந்தணு, உயிரணு என்று இங்கே 'அணு' நுண்ணிய கூறு என்ற பொருளில் ஊறிவிட்டது. அதைவிட, 'பரம்பரை' என்று தொடங்கும் சொல்லை அந்த அம்மாவிடம் நான் எப்படி நீட்டுவேன்?

> மெய்ப்பாடு! உள்ளே இருப்பது மெய்யில் படுவது. மரபெழுத்துகள் மெய், செல் உயிர். இரண்டும் சேர்ந்தால் உயிர்மெய்.

மதுரை ஐயாவின் இந்த மடலை இரண்டு முறை படித்தேன். உயிர் சேராமல் மெய் ஒலிக்காது என்பதை, செல் இல்லாமல் டி.என்.ஏ. தானாக எதுவும் செய்யாது என்பதோடு பொருத்தியது அழகு. ஆனால் தொல்காப்பியம் சொல்லும் மெய்ப்பாடுகள் நகை, அழுகை, இளிவரல் என்று எட்டுச் சுவைகள். தமிழ் படித்தவர்களுக்கு அதுதான் முதலில் நினைவு வரும், படிக்காதவர்களுக்கு எதுவுமே வராது.

> நன்னூலின் பத்துக் குற்றங்களில் முதல் இரண்டு: குன்றக் கூறல், மிகைபடக் கூறல். மரபணு 'கூறுகிறது' என்று கொண்டால் குறைவுக்கும் கூடுதலுக்கும் இரண்டு சொல்லும் தயார்.

இது என்னை மிகவும் இழுத்தது, ஒரு இரவு முழுக்க யோசித்தேன். சிக்கல், மிகையைக் குற்றம் என்று கொள்வதில் இருக்கிறது. செல் பிரிவதைத் தடுக்கும் பி16 என்ற புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புகையிலையால் வரும் புற்றில் அதற்கான மரபணு பெரும்பாலும் அழிந்தோ அடைபட்டோ போயிருக்கும். எச்.பி.வி. 16 என்ற பாப்பிலோமா வைரஸ் வகையால் தொண்டையில் வரும் புற்றிலோ நேர்மாறு: வைரஸின் ஈ7 புரதம் ஆர்.பி. என்ற காவல் புரதத்தை முடக்க, பி16 குவிந்துவிடுகிறது. அந்த நோயாளிகளுக்குத்தான் சிகிச்சை பெரும்பாலும் நன்றாகப் பலிக்கிறது. அங்கே மிகை நல்ல அறிகுறி. செல்லுக்கு வளரச் சொல்லும் செய்தியை வாங்கும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற புரதம் கூடியிருப்பதோ கட்டி வளரத் துணை போகிறது. செடுக்சிமாப் மருந்து குறிவைப்பது அதைத்தான். எனவே நல்லது கெட்டது ஒட்டாத 'கூடுதல், குறைதல்' போதும்.

> 'மரபணு மிகுதி' என்று சுருக்கமாகச் சொன்னால் என்ன?

வேண்டாம் அம்மா. செல் பிரிவைத் தூண்டும் சைக்ளின் டி1 மரபணு இந்தப் புற்றுகள் சிலவற்றில் பிரதி பிரதியாகப் பெருகியே கிடக்கும். பிரதி பெருகுவது வேறு, இருக்கும் பிரதி அதிகமாக வேலை செய்வது வேறு. முன்னதற்குப் 'பெருக்கம்' என்ற சொல்லை ஒதுக்கி வைப்போம்.

மீதி இருப்பது 'வெளிப்பாடு'. பாடநூலில் இருக்கிறது, மாணவர்களுக்குத் தெரியும். என் தயக்கம், படிவத்தில் 'புகையிலை வெளிப்பாடு', 'நோயின் வெளிப்பாடு' என்றும் இதே சொல் வந்ததுதான். முதலாவதைப் 'புகையிலைப் பழக்கம்' என்றும் இரண்டாவதை 'அறிகுறி' என்றும் மாற்றிவிட்டேன். இப்போது குழப்பம் இல்லை.

நோயாளி படிக்கும் பக்கத்தில் 'மரபணுவின் செயல்பாடு' என்றே போடுகிறேன். செயல்பாடு வேறு, வெளிப்பாடு வேறு என்ற கோவை நண்பரின் கண்டிப்பு சரிதான். அதனால் ஆய்வாளர் பக்கத்திலும் சொற்பட்டியலிலும் வெளிப்பாடு மட்டும். இதுவரை வெளிப்பாட்டுக்கு ஒன்பது பேர், மெய்ப்பாட்டுக்கு இரண்டு பேர், பரம்பரையலகுக்கு ஒருவர். தன் மறுப்பைப் பதிவு செய்யவேண்டும் என்று மதுரை ஐயா கேட்டிருக்கிறார். பட்டியலின் குறிப்பில் 'மெய்ப்பாடு' இருக்கும்.

படிவத்தில் போகும் வரிகள் இவை: "உங்கள் கட்டியில் உள்ள செல்களில் சில மரபணுக்களின் செயல்பாடு கூடியிருக்கலாம், சில அடங்கியிருக்கலாம். இது கட்டிக்குள் ஏற்பட்டது. பிள்ளைகளுக்குப் போகாது."

'அடங்கிய' சரியா, 'ஒடுங்கிய' சரியா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை. மெத்தில் தொகுதி என்ற சிறு வேதித் துண்டு ஒட்டி அடைத்துவிட்ட மரபணுவுக்கு 'ஒடுங்கிய' பொருந்தும் போலிருக்கிறது. ஞாயிறு இரவுக்குள் யாராவது சொல்லுங்கள்.