மறு: கிராஃபிட்டி, டேக் – தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மொழிபெயர்ப்பாளர் அம்மையார் நேற்று எழுதியதை மேலே வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

> ஒரே நகரத்தில் பல ஆண்டுகளாகச் சுவர்தோறும் தம் பெயரை எழுதிவரும் ஒருவரைப் பாராட்டும் கட்டுரை இது. மூலத்தில் கிராஃபிட்டி, டேக், த்ரோ-அப், பீஸ் என்னும் நான்கு சொற்கள் மாறி மாறி வருகின்றன. எல்லாவற்றுக்கும் 'சுவர்க்கிறுக்கல்' என்று போட்டால் பாராட்டே வசையாகிவிடுகிறது. 'சுவரோவியம்' என்று போட்டால், ஓவியம் எங்கே என்று வாசகர் கேட்பார். என்ன செய்யலாம்?

அம்மையாரின் கவலை நியாயமானது. 'கிறுக்கல்' என்னும் சொல்லுக்குள் தீர்ப்பு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. பொருளற்றது, ஒழுங்கற்றது, கை போன போக்கில் போட்டது என்பவையெல்லாம் அச்சொல்லோடு கூடவே வந்துவிடுகின்றன. 'கிறுக்கு' என்னும் உறவுச்சொல் வேறு பக்கத்தில் நிற்கிறது. ஒரு கலைச்சொல் பொருளைச் சுட்ட வேண்டுமே தவிர, அதன்மேல் வழக்காடக் கூடாது. 'சுவரோவியம்' எதிர்ப்பக்கமாகச் சறுக்குகிறது. சுவரோவியம் தீட்டுபவருக்குப் பெரும்பாலும் சுவர் ஒதுக்கித் தரப்படுகிறது. சாரம் கட்டி, பகல் வெளிச்சத்தில், நாள்கணக்கில் வேலை செய்கிறார். நாம் பேசும் கலையிலோ உருவங்கள் துணைப்பொருள்; முதற்பொருள் எழுத்துகளே. அதுவும் பெரும்பாலும் ஒரே ஒரு பெயரின் எழுத்துகள்.

குழுவின் மூத்த அன்பர் ஒருவர் வேர்ச்சொல்லைப் பின்பற்றிக் 'கீறல்' என்று பரிந்துரைத்திருந்தார். அவர் காட்டிய வழி தவறன்று. கிராஃபிட்டி என்பது இத்தாலியச் சொல், ஒருமையில் கிராஃபிட்டோ, கீறுதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது. பொ.ஆ. 79இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பொம்பேய் நகரின் சுவர்களில் கூரிய கருவிகளால் கீறப்பட்டிருந்தவற்றுக்கு 19ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் இச்சொல்லை ஆண்டதால்தான் அது உலகெங்கும் பரவியது. அச்சுவர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்படும் ஒரு வாசகம் எனக்கு மிகவும் பிடித்தமானது: 'சுவரே, இத்தனை பேர் எழுதும் சலிப்பூட்டும் எழுத்துகளைச் சுமந்தும் நீ இடிந்து விழவில்லையே என்று வியக்கிறேன்.' சுவரில் எழுதுவோரைக் குறைகூறுபவரும் அதைச் சுவரில்தான் எழுதியிருக்கிறார்.

ஆயினும் 'கீறல்' என்பதை நான் ஏற்கத் தயங்குவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. தமிழ்த் தொல்லியலார் பானையோடுகளில் காணப்படும் குறிகளுக்கு அச்சொல்லை நிலையாக ஆண்டுவருகிறார்கள். ஒரே இதழின் அடுத்தடுத்த பக்கங்களில் பானைக் கீறலும் பாலத்தடிக் கீறலும் வந்தால் இரண்டுக்குமே நன்மை இல்லை. மற்றொரு காரணம் செய்முறை சார்ந்தது. 1949இல் தெளிப்புவண்ணக் குப்பி உருவான பின்னர், எழுதுகருவி சுவரைத் தொடவே வேண்டாம் என்றாகிவிட்டது. கீறுவதற்கு அழுத்தம் வேண்டும். தெளிப்பதற்கு இடைவெளி வேண்டும். குப்பியின் முனையைச் சுவருக்கு மிக நெருக்கமாகப் பிடித்தால் கோடு மெலிந்து கூர்மையாகிறது. விலக்கிப் பிடித்தால் விளிம்பு பூத்து மங்குகிறது. இந்த இடைவெளியை ஆளுவதில்தான் இக்கலையின் பாதித் திறமை இருக்கிறது. (ரயில் பெட்டியின் கண்ணாடியில் கல்லாலோ ஆணியாலோ பெயர் கீறுவதும் உண்டு. அதற்கு மட்டும் 'கீறல்' என்பதை மறுபேச்சின்றி வைத்துக்கொள்ளலாம்.)

எனவே, இக்கலையைச் செய்பவர்கள் தங்களை என்னவென்று அழைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்பதே நேர்வழி என்று நினைக்கிறேன். நியூயார்க்கில் 1970களின் தொடக்கத்தில் இதை வளர்த்தவர்கள் தங்களை ஓவியர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. எழுத்தாளர் என்றே சொல்லிக்கொண்டார்கள். உப்பிய குமிழ் வடிவ எழுத்துகளை உருவாக்கியவராகப் போற்றப்படும் 'ஃபேஸ் 2' என்பவர், கிராஃபிட்டி என்னும் சொல்லையே கடைசிவரை மறுத்துவந்தார். அது வெளியார் சூட்டிய பெயர், நாங்கள் செய்வது எழுத்து என்பதே அவர் நிலைப்பாடு. ஆகவே பொதுச்சொல்லாகச் 'சுவரெழுத்து' என்பதையே முன்மொழிகிறேன். கட்சி முழக்கத்துக்கும் விளம்பரத்துக்கும் அது வழங்குகிறதே என்பீர்கள். வழங்கட்டும். அங்கே எழுதுபவர் பிறர் பெயரை எழுதுகிறார். இங்கே தம் பெயரை எழுதுகிறார். இந்த வேறுபாட்டை அடைமொழியும் இடமும் காட்டிவிடும். பொதுச்சொல் சற்று அகலமாக இருப்பதில் தவறில்லை. உட்பிரிவுச் சொற்களே கூர்மையாக இருக்க வேண்டும்.

அவற்றுள் முதன்மையானது டேக், அதாவது ஒருவர் தம் பெயரை ஒரே நிறத்தில் விரைவாக எழுதிவிட்டுப் போகும் வடிவம். இதற்குச் 'சுவரொப்பம்' என்னும் சொல்லை உங்கள் முன் வைக்கிறேன்.

ஏன் ஒப்பம் என்பதை விளக்க, நான் நாள்தோறும் செல்லும் ரயில் பாதையோரத்தில் ஒருவர் எழுதிவரும் மூன்றெழுத்துப் பெயரைச் சொல்ல வேண்டும். மின்பெட்டி, தூண், தடுப்புச்சுவரின் விளிம்பு என்று ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் இடையில் மட்டும் நாற்பதுக்கு மேல் எண்ணியிருக்கிறேன். முதலெழுத்து எப்போதும் கனத்துத் தொடங்குகிறது. இரண்டாவது அதன்மேல் சாய்ந்து நிற்கிறது. மூன்றாவதின் வால் கீழிறங்கி, இடப்புறம் திரும்பி, பெயர் முழுவதற்கும் அடிக்கோடாக ஓடி முடிகிறது. முடியும் இடத்தில், விரலை எடுப்பதற்கு முன்பே கையைச் சுவரிலிருந்து பின்னுக்கு இழுத்துவிடுகிறார் போலும். கோடு அறுபடாமல் புகைபோலக் கரைகிறது. ஒரே ஒரு தூணில் மட்டும் வால் திரும்பும் இடத்தில் வண்ணம் ஒரு சாண் நீளத்துக்கு வழிந்திருக்கிறது. அங்கே கை ஒரு கணம் தயங்கியிருக்க வேண்டும். யாரேனும் வந்தார்களோ என்னவோ.

நாற்பதும் ஒன்றே, நாற்பதில் எந்த இரண்டும் ஒன்றல்ல. கையொப்பத்தின் இயல்பு அதுதானே? 'ஒப்பம்' என்னும் தமிழ்ச் சொல்லுக்கு ஒத்திருத்தல் என்றும் பொருளுண்டு, மெருகு என்றும் பொருளுண்டு, கைச்சாத்து என்றும் பொருளுண்டு. மூன்றும் இங்கே ஒருசேரப் பொருந்துவதைக் கண்டபோது, இச்சொல் நமக்காகவே காத்திருந்தது போல் எனக்குத் தோன்றியது. முத்திரை, குறி, இலச்சினை ஆகியவற்றை எண்ணிப் பார்த்து விட்டுவிட்டேன். அச்சுப்போல மாறாமல் பதிபவை அவை, கையின் அசைவு அவற்றில் இல்லை.

ஏனைய இரண்டில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. த்ரோ-அப் என்பது புறக்கோடு ஒரு நிறம், உள்நிரப்பு ஒரு நிறம் என்று சில நிமிடங்களில் எழுதி முடிக்கும் உப்பிய வடிவம். 'வீச்செழுத்து' என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்தார். அது கூட்டெழுத்தை நினைவூட்டுகிறது. வடிவத்தைச் சுட்டும் 'குமிழெழுத்து' நல்ல காரணப்பெயர். பீஸ் என்பது பல நிறங்களில், முன்கூட்டியே வரைவேட்டில் திட்டமிட்டு, மணிக்கணக்கில் செய்வது, 'பெருவரைவு' எனலாம். எழுதுபவரைச் 'சுவரெழுத்தர்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அலுவலக எழுத்தரைச் சுவருக்கு இடமாற்றம் செய்ததுபோல் இருக்கிறது. 'சுவரெழுத்தாளர்' போதும்.

இனி, அம்மையார் கேட்காமல் விட்டதும், அக்கட்டுரைக்கு உயிரானதுமான ஒரு கருத்துக்கு வருகிறேன். அக்கட்டுரையின் நாயகர் பாராட்டப்படுவது ஒரு நல்ல பெருவரைவு செய்ததற்காக அன்று; ஓயாமல் எங்கும் எழுதியதற்காக. தமிழில் 'எழுதிக் குவித்தவர்' என்போம். ஆனால் குவித்தல் ஓரிடத்தில் சேர்ப்பது. இவர் செய்வதோ ஊர் முழுவதும் இறைப்பது. நியூயார்க் டைம்ஸ் 1971 ஜூலை 21 அன்று 'டாக்கி 183' என்று எழுதிவந்த இளைஞரைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. டாக்கி என்பது அவருடைய கிரேக்கப் பெயரின் செல்லவடிவம். 183 அவர் குடியிருந்த தெருவின் எண். பொருள்களைக் கொண்டுசேர்க்கும் வேலையில் நகரெங்கும் நடந்தவர் அவர். போன இடமெல்லாம் பெயரை விட்டுவந்தார். அவருடைய எழுத்தில் அலங்காரம் ஏதுமில்லை. எண்ணிக்கையும் பரப்புமே அவருடைய கலையாக இருந்தன.

இச்செயலுக்குப் 'பெயர்நாட்டல்' என்று சொல்லலாமா? பெயரை நாட்டுதல், புகழை நிலைநாட்டுதல் என்பவை நம் பேச்சில் இருப்பவையே. போரில் சிறந்த மறவரின் பெயரும் பீடும் எழுதி வழிதோறும் நின்ற நடுகற்களை அகநானூறு காட்டுகிறது. அங்கே பிறர் நாட்டினார்கள், இவர் தாமே நாட்டிக்கொள்கிறார் என்பது உண்மைதான். ஆனாலும் 'வழிதோறும் பெயர்' என்னும் எண்ணம் நம் மொழிக்குப் புதியதன்று.

அன்புடன்.

———

ஐயா, வணக்கம்.

> இச்செயலுக்குப் 'பெயர்நாட்டல்' என்று சொல்லலாமா?

சுவரொப்பம் மிக நன்று; என் வாக்கு அதற்கு உண்டு. பெயர்நாட்டலில் எனக்கு இரண்டு ஐயங்கள். சிட்னி நகரின் நடைபாதைகளில் 'எடர்னிட்டி', அதாவது நித்தியம், என்னும் ஒற்றைச் சொல்லை 1930களிலிருந்து பல்லாண்டுகள் சுண்ணக்கட்டியால் எழுதிவந்த ஆர்தர் ஸ்டேஸ் ஏறத்தாழ ஐந்து லட்சம் முறை எழுதியிருப்பார் என்று மதிப்பிடுகிறார்கள். அவர் எழுதியது தம் பெயர் அன்று. யார் எழுதுகிறார் என்பதே நெடுங்காலம் தெரியாதிருந்தது. அவருக்கு இச்சொல் பொருந்துமா? இரண்டாவது, கிறுக்கலில் வசை இருக்கிறது என்று தள்ளிய நீங்கள், நடுகல்லைத் துணைக்கழைத்துப் புகழைச் சொல்லுக்குள் ஏற்றிவிட்டீர்களே? சுவருக்கு உரியவரும் ஒருவர் இருக்கிறார் அல்லவா?

———

அம்மையாருக்கு வணக்கம்.

இரண்டாவது ஐயம் என்னை நன்றாகவே பிடித்துவிட்டது. நடுகல் ஒப்புமையை விளக்கத்திலிருந்து எடுத்துவிடுகிறேன். சொல் மட்டும் நிற்கட்டும். 'பெயர்நாட்டினார்' என்று எழுதிவிட்டு, அடுத்த தொடரிலேயே 'உரியவரின் இசைவின்றி' என்று எழுதுவதற்கு அச்சொல் தடையாக இல்லை. உரியவர் தரப்பின் செயலுக்கும் சொல் வேண்டும்: எழுதியதன்மேல் வண்ணம் அடித்து மூடுவதை 'மறைபூச்சு' என்கிறேன். நான் சொன்ன ரயில் பாதையில் மறைபூச்சின் சாம்பல் நிறம் சுவரின் சாம்பல் நிறத்தோடு ஒருபோதும் ஒத்துப்போவதில்லை. திட்டுத் திட்டாகச் சதுரங்கள் தெரிகின்றன. மூன்றெழுத்துக்காரர் அச்சதுரங்களையே சட்டகமாகக் கொண்டு உள்ளே மீண்டும் எழுதியிருக்கிறார். ஒருவர் எழுத்தின்மேல் இன்னொரு சுவரெழுத்தாளர் எழுதுவது வேறு செயல். அதற்கு 'மேலெழுத்து' இருக்கட்டும்.

ஸ்டேஸ் பற்றிய முதல் ஐயத்துக்கு என்னிடம் முழு விடை இல்லை. அவரைச் 'சளைக்காத சுவரெழுத்தாளர்' என்றுகூடச் சொல்ல இயலாது, எழுதியது தரையில். 2000ஆம் ஆண்டு பிறந்த இரவில் சிட்னி துறைமுகப் பாலத்தில் அவருடைய கையெழுத்து வடிவத்திலேயே அச்சொல்லை ஒளிரவிட்டார்கள். அதைப் பார்த்தால் 'சொல்நாட்டல்' என்றுதான் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. உங்கள் கட்டுரையின் நாயகர் எழுதுவது தம் பெயரையே என்பதால், இப்போதைக்குப் பெயர்நாட்டல் போதும்.

ஒருவருக்கே உரிய எழுத்துப்பாங்கைக் குறிக்கும் ஹேண்ட்ஸ்டைல் என்பதும் உங்கள் மூலத்தில் வரும் என்று எதிர்பார்க்கிறேன். அதற்குப் புதிதாக ஒன்றும் ஆக்க வேண்டாம்; 'கைவாகு' என்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. இப்பட்டியலோடு ஒரு பத்தியை மொழிபெயர்த்துக் குழுவுக்கு அனுப்புங்கள். எந்தச் சொல் காதில் உறுத்துகிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

அன்புடன்.