பழைய ரேசரில் அப்படி என்னதான் இருக்கிறது?

அவசரக்காரன்:
1960-இல் செய்த ஜில்லெட் ஃபேட்பாய் என்கிற ஒற்றை பிளேடு ரேசர் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி மூன்று வாரம் ஆகிறது. பழகிவிட்டால் கேட்ரிட்ஜ் (தலையையே கழற்றி மாற்றும் இன்றைய ரேசர்) பக்கமே போக மாட்டாய் என்று இங்கே ஆளாளுக்கு எழுதியதை நம்பித்தான் வாங்கினேன். கண்ட பலன்: தாடையில் இரண்டு வெட்டு, கழுத்தெல்லாம் எரிச்சல், காலையில் இருபது நிமிடம் காலி. ஐந்து பிளேடு கேட்ரிட்ஜில் நாலு நிமிடத்தில் முடிகிற வேலை இது. இந்தப் பழைய இரும்பில் சவரத்தைவிட ஏக்கம்தான் அதிகம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் முகத்தை வைத்துப் பேசுங்கள், தாத்தா நினைவை வைத்து வேண்டாம்.

பித்தளைப்பிரியன்:
முதலில், அது இரும்பு இல்லை. நிக்கல் முலாம் பூசிய பித்தளை. அடுத்து, பிடியின் கழுத்தில் 1 முதல் 9 வரை எண் போட்ட வளையம் இருக்குமே, அதை எதில் வைத்தீர்கள்?

அவசரக்காரன்:
9. என் தாடி கொஞ்சம் முரடு.

பித்தளைப்பிரியன்:
வழக்கு முடிந்தது! வளையத்தைத் திருப்பினால் பிளேடின் விளிம்புக்கும் கீழே இருக்கும் தடுப்புக்கும் நடுவில் இடைவெளி கூடும். எண் ஏற ஏற பிளேடு வெளியே தலைகாட்டும். 9 என்பது நாள்கணக்கில் விட்ட தாடிக்கு. 2 அல்லது 3-இல் ஆரம்பியுங்கள்.

அப்புறம் அழுத்தம். கேட்ரிட்ஜின் தலை ஆடும், அழுத்தினாலும் முகத்தோடு வளைந்து கொடுக்கும். அந்தக் கைப்பழக்கம்தான் உங்கள் தாடையைக் கிழித்திருக்கிறது. இதில் ரேசரின் எடையே போதும். மேல்மூடி கன்னத்தில் படும்படி பிடியை நேராக நீட்டி வையுங்கள். பிறகு பிடியை மெல்ல மெல்ல இறக்கினால் ஓர் இடத்தில் சரசரவென்று சத்தம் வரும், அதுதான் பிளேடு முடியைத் தொடுகிற இடம். சுமார் 30 பாகை. அங்கே நிறுத்தி, அப்படியே கீழே விடுங்கள்.

கேட்ரிட்ஜ்கட்சி:
தீர்ப்பெல்லாம் எழுதாதீர்கள். எண், எடை, கோணம், சத்தம்... முகம் மழிக்க இத்தனை விதி என்றால் குறை ஆளிலா, கருவியிலா? 1971-இல் ஜில்லெட்டின் இரட்டை பிளேடு கேட்ரிட்ஜான டிராக் 2 வந்து, கோணத்தைத் தொழிற்சாலையிலேயே பூட்டிக் கொடுத்துவிட்டது. அது வளர்ச்சி.

இன்னொன்று, இந்தப் "பாரம்பரியம்" என்கிற பேச்சு. கிங் கேம்ப் ஜில்லெட் 1904-இல் காப்புரிமை வாங்கிய பொருளின் சாரமே பிளேடைத் தீட்டாதே, தூக்கி எறி என்பதுதான். அதற்கு முந்தைய வருடம் விற்றது வெறும் 51 ரேசர், 168 பிளேடு. தோல்வாரில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அதுதான் அன்றைய பிளாஸ்டிக் ரேசர். நீங்கள் கும்பிடுவது பழைய யூஸ் அண்ட் த்ரோவைத்தான்.

பித்தளைப்பிரியன்:
எறிந்தது பிளேடை. ரேசர் இன்னும் கையில் இருக்கிறது, பாருங்கள்.

தோல்கவனம்:
நான் இரண்டு கட்சியும் இல்லை. அவசரக்காரன் சொன்ன கழுத்து எரிச்சலைப் பற்றி மட்டும். பல பிளேடு தலையில் முதல் பிளேடு முடியைக் கொஞ்சம் வெளியே இழுக்கும், அது உள்ளே போவதற்குள் அடுத்த பிளேடு வெட்டும். தொட்டால் வழுவழுவென்று இருப்பது அதனால்தான். ஆனால் வெட்டுப்பட்ட நுனி தோலுக்குக் கீழே போய்விடுகிறது. சுருண்ட முடி உள்ளவர்களுக்கு அந்த நுனி வளரும்போது தோலுக்குள்ளேயே குத்திக்கொண்டு சிவந்த கொப்புளம் கிளம்பும். அப்படிப்பட்டவர்கள் ஒற்றை பிளேடுக்கு மாறிப் பார்க்கலாம். நேர்முடிக்காரர்களுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. எந்த ரேசரானாலும் கழுத்தில் முடி எந்தப் பக்கம் சாய்கிறது என்று முதலில் விரலால் தடவிப் பாருங்கள். பலருக்குக் கழுத்தில் முடி கீழிருந்து மேலே வளரும். தெரியாமல் மேலிருந்து இழுத்தால் முதல் சுற்றே எதிர்ச்சவரம் ஆகிவிடும்.

அவசரக்காரன்:
கழுத்தைத் தடவிப் பார்த்தேன். வலப்பக்கம் ஒரு திசை, இடப்பக்கம் வேறு திசை! இத்தனை வருடம் தெரியாமலே இருந்திருக்கிறேன்.

சரி, ஒற்றை பிளேடு வாதம் புரிகிறது. ஆனால் அது பழைய ரேசருக்கான வாதம் இல்லையே? ஒற்றை பிளேடு ரேசர் புதிதாகவே கிடைக்கிறது.

பித்தளைப்பிரியன்:
அடி சரியான இடத்தில் விழுந்தது. சவரத்தில் மட்டும் பார்த்தால், நல்ல புது ரேசருக்கும் பழையதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். (இதற்காக என் நண்பர்கள் என்னைத் தள்ளி வைப்பார்கள்.) வித்தியாசம் உலோகத்தில். இன்றைய ரேசர்கள் பலவும் துத்தநாகக் கலவையை வார்த்துக் குரோம் பூசியவை. முலாம் ஓர் இடத்தில் விட்டால் உள்ளே அரிக்கத் தொடங்கும். என்னிடம் இருந்த ஒன்று இரண்டே வருடத்தில் மரை முறிந்து பிடி தனியே வந்துவிட்டது. பித்தளையில் முலாம் போனால் மஞ்சள் தெரியும், அவ்வளவுதான். உங்கள் ஃபேட்பாய் தலையின் அடியில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். எழுத்து வருடம், எண் காலாண்டு. F என்றால் 1960.

நுரைப்பித்தன்:
ரேசரைப் பற்றியே அடித்துக்கொள்கிறீர்கள். இருபது நிமிடத்தில் முகத்தை எத்தனை நிமிடம் ஊறவைத்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறிய முடி உப்பி மெத்தென்று ஆகிவிடும், வெட்ட வலு குறைவாகவே வேண்டும். காய்ந்த தாடியில் டப்பா நுரையைப் பீய்ச்சி உடனே இழுத்தால் எந்த ரேசரும் கடிக்கும்.

சோப்பும் சும்மா இல்லை. குளியல் சோப்பு பெரும்பாலும் சோடியம் உப்பு. சவரச் சோப்பில் பொட்டாசியம் கணிசமாக இருக்கும், ஸ்டியரிக் அமிலமும் அதிகம். அதனால் எளிதில் கரைந்து, சட்டென்று அடங்காத கெட்டி நுரை வரும். பிரஷை நனைத்து ஓர் உதறு உதறி, சோப்பின் மேல் அரை நிமிடம் சுழற்றுங்கள். முதலில் பெரிய பெரிய குமிழி வரும், ஏமாறாதீர்கள். பிறகு பசை மாதிரி இழுக்கும். அப்போதுதான் விரல்நுனியால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ஏழெட்டுச் சொட்டில் குமிழி கண்ணுக்கே தெரியாமல் போய், கடைந்த தயிர்போல ஒரு மினுமினுப்பு ஏறும். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் வழுக்க வேண்டும். ஒட்டினால் தண்ணீர் போதவில்லை.

கேட்ரிட்ஜ்கட்சி:
இந்த நுரையைப் போட்டுக் கேட்ரிட்ஜால் மழித்தாலும் அருமையாகத்தானே வரும்?

நுரைப்பித்தன்:
வரும். நான் பயணத்தில் அப்படித்தான் செய்கிறேன். வெளியே சொல்லாதீர்கள்.

மரப்பாசி:
வாசனையைத் தொடாமல் இந்த விவாத இழையை முடிக்கக் கூடாது. பழைய ஆஃப்டர்ஷேவ்களில் லாவெண்டர், கூமரின் (காய்ந்த புல் வாசம் தருவது), ஓக்மாஸ் (ஓக் மரத்தில் படரும் பாசி) மூன்றும் சேர்ந்த ஃபூஜேர் என்கிற வாசனை வகை ஒன்று உண்டு, 1882-இல் ஊபிகான் நிறுவனத்தின் ஃபூஜேர் ராயலில் தொடங்கியது. ஈரமான மரத்தடியின் அந்த வாசம் இன்றைய புட்டிகளில் மெலிந்துவிட்டது. அதே பெயர், அதே லேபிள், உள்ளே வேறு ஆள். நான் பழைய புட்டிகளைத் தேடித்தான் வாங்குகிறேன்.

தோல்கவனம்:
காரணத்தையும் சொல்லுங்கள். ஓக்மாஸில் இயல்பாகவே இருக்கும் அட்ரனால், குளோரோஅட்ரனால் இரண்டும் கடுமையான ஒவ்வாமை தருபவை. ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் இந்த இரண்டுக்கும் தடைவிதி கொண்டுவந்து, 2021-இல் இவை கலந்த அழகுப்பொருள்களின் விற்பனையையே நிறுத்தியது. அப்போதுதான் மழித்த தோலில் அதைத் தடவுகிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். தவிர, பழைய புட்டியில் எலுமிச்சை மாதிரியான மேல்வாசனை முதலில் கெடும். நீங்கள் முகர்வது அந்தக் காலத்து வாசனையே இல்லாமலும் இருக்கலாம்.

மரப்பாசி:
இருக்கலாம். எனக்கு இதுவரை அரிக்கவில்லை, விடவும் மாட்டேன்.

அவசரக்காரன்:
பத்து நாள் கழித்து வருகிறேன். எண் 3, மூன்று நிமிட ஊறல், கழுத்தில் இரண்டு பக்கமும் அதனதன் திசையில். வெட்டு இல்லை. எரிச்சல் பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் நேர்மையாக இன்னொரு சோதனையும் செய்தேன்: அதே ஊறல், அதே நுரை, கேட்ரிட்ஜ். அதிலும் எரிச்சல் குறைந்தது! ஆக, என் கட்சி முழுக்கத் தோற்கவில்லை. அவசர நாளில் கேட்ரிட்ஜ், ஞாயிற்றுக்கிழமை ஃபேட்பாய்.

ஒரு சந்தேகம். ஐந்தாவது சவரத்திலேயே பிளேடு பிடித்து இழுக்கிறது. மெத்தென்ற முடி எஃகை எப்படி மழுக்கும்?

பித்தளைப்பிரியன்:
அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இதையே ஆராய்ந்து 2020-இல் கட்டுரை வெளியிட்டார்கள். முடி எஃகைவிடச் சுமார் 50 மடங்கு மென்மை. ஆனாலும் வெட்டும்போது முடி வளைந்தால், விளிம்பில் ஏற்கெனவே பலவீனமான இடத்தில் மோதி நுண்ணிய சில்லைப் பெயர்த்துவிடுகிறது. ஐந்தாவதில் இழுத்தால் ஐந்தாவதில் மாற்றுங்கள், ஏழு வரை ஓட்டிக் காட்டப் பரிசு ஒன்றும் இல்லை. மாற்றும்போது பிளேடை நீள விளிம்பில் பிடிக்காதீர்கள், குறுகிய இரண்டு பக்கத்தில் பிடியுங்கள்.

அவசரக்காரன்:
இதை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா? கட்டைவிரலில் பிளாஸ்டரோடு தட்டச்சிக்கொண்டிருக்கிறேன்.