புதுப்பிப்பு: சிக்னலில் அணைந்துபோன வண்டி, த்ராட்டில் பாடி துடைத்த பிறகு

பெங்களூரு சில்க் போர்டு சிக்னலில் நிற்கும்போது என் வண்டியின் ஆர்.பி.எம். முள் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று ஓடுகிறது என்று காட்டுவது) 600க்கும் 1,100க்கும் நடுவே ஆடுகிறது, இரண்டு முறை இன்ஜின் அணைந்தே போனது என்று போன மாதம் எழுதியிருந்தேன். த்ராட்டில் பாடியை, அதாவது இன்ஜினுக்குப் போகும் காற்றை ஒரு தட்டால் கட்டுப்படுத்தும் பாகத்தை, துடைத்துப் பாருங்கள் என்றீர்கள். இரண்டு வாரம் முன்பு ஞாயிறு காலை அதைச் செய்துவிட்டேன்.

பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்தேன். காற்றுக் குழாயைக் கழற்றி, நாலு போல்ட்டை விடுவித்து த்ராட்டில் பாடியை மொத்தமாக வெளியே எடுத்தேன். தட்டின் விளிம்பைச் சுற்றி, அடிப்பிடித்த சட்டி மாதிரி ஒரு கறுப்பு வளையம், தொட்டால் பிசுபிசுப்பு. கிராங்க்கேஸிலிருந்து (இன்ஜினின் அடிப்பகுதி) வரும் எண்ணெய் ஆவி படிந்து படிந்து அப்படி ஆகிவிடுகிறது. ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, அது மூச்சு விடுவதே தட்டின் விளிம்பில் உள்ள மெல்லிய இடுக்கு வழியாகத்தான்; அழுக்கு அதை அடைத்துவிடுகிறது.

ஜே.சி. ரோட்டில் வாங்கிய த்ராட்டில் கிளீனரைத் துணியில் அடித்து இருபுறமும் துடைத்தேன். மோட்டாரில் இயங்கும் தட்டு, அதனால் விரலால் தள்ளவில்லை. தயவுசெய்து நீங்களும் தள்ளாதீர்கள், உள்ளே பல்சக்கரம் போய்விடும்.

மாட்டி ஸ்டார்ட் செய்தால் ஐடில் 1,500! பயந்துவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது: அழுக்கை ஈடுகட்ட ஈ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) தட்டைக் கூடுதலாகத் திறந்து பழகியிருக்கிறது. மேனுவலில் உள்ளபடி ஐடில் ரீலேர்ன் செய்தேன், அதாவது சரியான ஐடிலை ஈ.சி.யு.வுக்கு மறுபடி பழக்கினேன். பத்து நிமிடத்தில் 750க்கு வந்து நின்றது.

இரண்டு வாரமாகச் சிக்னலில் ஒருமுறைகூட அணையவில்லை. ஏ.சி. போட்டாலும் முள் அசைவதில்லை. சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.