பூஜை அறைக் கிண்ணத்தின் அடியில் நீலப் பிறை: இதில் மாட்டெலும்பு கலந்திருக்குமா?

செம்பாவாங் மலர்:
தாத்தா இங்கே சிங்கப்பூரில் நேவல் பேஸில், அதாவது பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில், ஓர் ஆங்கிலேய அதிகாரி வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். 1971-ல் அவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது ஒரு சின்னக் கிண்ணமும் தட்டும் கொடுத்துவிட்டுப் போனார்களாம். கைப்பிடி கிடையாது, வெள்ளையில் நீலப் பூக்கள், அடியில் நீலப் பிறை, பிறைக்குள் மெல்லிய கோடுகள். அம்மா நாற்பது வருடமாக அதில்தான் விபூதி வைத்திருந்தார். போன வாரம் வந்த உறவினர் ஒருவர், இங்கிலீஷ் பீங்கான் என்றாலே மாட்டெலும்புச் சாம்பல்தான் என்று சொல்லிவிட்டார், அன்றிலிருந்து கிண்ணம் அலமாரிக்குப் போய்விட்டது, அம்மாவின் முகமும் வாடிவிட்டது. விற்கப்போவதில்லை, விலையும் வேண்டாம். எலும்பு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பீங்கான் பிரியன்:
மலர், உங்கள் உறவினர் சொன்னது பாதி சரி. லண்டனில் இருந்த 'போ' ஆலை 1740-களிலேயே எலும்புச் சாம்பலைச் சேர்க்கத் தொடங்கிவிட்டது, அப்புறம் 1790-களில் ஸ்போட் ஆலை அதை ஒரு நிலையான கலவையாக்கியது, ஏறக்குறைய பாதிக்குப் பாதி எலும்புச் சாம்பல். இன்று போன் சைனா என்று விற்பது அந்த வழி வந்ததுதான். ஆனால் கோடு போட்ட பிறை இங்கிலாந்தின் வூஸ்டர் ஆலையின் அடையாளம், 18-ஆம் நூற்றாண்டில் அச்சுப் படம் ஒட்டிய நீலப் பாத்திரங்களுக்குப் போட்டது. 1751-ல் மருத்துவர் ஜான் வாலும் வில்லியம் டேவிஸும் இன்னும் சிலரும் கூட்டாகத் தொடங்கிய ஆலை அது. அடுத்த வருடமே பிரிஸ்டலில் இருந்த ஒரு சிறு ஆலையை வாங்கி, அதன் கலவையையும் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கலவையில் எலும்பு இல்லை, கார்ன்வாலில் வெட்டிய மாக்கல்தான். நம் பாட்டிமார் வத்தக்குழம்பு வைத்த கல்சட்டியின் அதே வகைக் கல்! அந்தக் காலத்தில் வேறு ஆலைகளின் கிண்ணங்கள் பல, கொதிக்கிற தேநீர் ஊற்றினால் விரிசல் விட்டன, வூஸ்டர் தாங்கியது. கல்சட்டி அடுப்பைத் தாங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. கைப்பிடி இல்லாததும் சரிதான், சீனக் கிண்ணத்தைப் பார்த்துச் செய்த தேநீர்க் கிண்ணம்.

இருட்டில் கைப்பேசி விளக்கைக் கிண்ணத்துக்குள் வைத்து வெளியிலிருந்து பாருங்கள். வூஸ்டர் என்றால் பெரும்பாலும் இளம்பச்சை சாயல் தெரியும். வைக்கோல் நிறமோ ஆரஞ்சோ தெரிந்தால் காஃப்லி ஆலையாக இருக்கலாம், அவர்களின் சி எழுத்தும் பிறை போலத்தான் இருக்கும், ஆனால் அதுவும் மாக்கல்தான், அம்மாவுக்குக் கவலையில்லை. ஒளியே ஊடுருவவில்லை என்றால் பின்னாளில் வூஸ்டரைப் பார்த்துச் செய்த மண்பாண்டம். இன்னொன்று, அடி வளையத்தின் உள்விளிம்பில் பென்சிலை ஓட்டுங்கள். மெருகு (மேலே பூசிய கண்ணாடி போன்ற பூச்சு) படாத மெல்லிய வளையம் இருந்தால் அங்கே கரி ஒட்டும். பழைய வூஸ்டரில் அது அடிக்கடி காணக்கூடியது.

தெம்பனிஸ் ரவி:
முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய பொருள் சந்தையில் தங்க நங்கூர முத்திரை போட்ட பீங்கான் பொம்மையை லண்டனின் பழைய செல்சி ஆலையுடையது என்று நம்பி வாங்கினேன். நங்கூரம் என் கட்டைவிரல் நகம் அளவு இருந்தது. உண்மையான செல்சி நங்கூரம் அரிசியளவுதான் இருக்கும் என்று பிறகுதான் படித்தேன், என்னுடையது 19-ஆம் நூற்றாண்டுப் போலி. மலர், உங்கள் பிறை மெருகுக்கு அடியில் இருக்கிறதா, மேலே இருக்கிறதா? நகத்தால் தடவிப் பாருங்கள். அடியில் 'இங்கிலாந்து' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் 1891-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ செய்தது, அமெரிக்கச் சட்டத்துக்காக அப்போதுதான் நாட்டின் பெயரைப் போடுவது வழக்கமானது.

செம்பாவாங் மலர்:
ராத்திரி விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு அம்மாவும் நானும் பார்த்தோம். பச்சைதான், வெந்நீரில் ஒரு துளி துளசிச் சாறு விட்டது போல. பென்சில் கரியும் உள்விளிம்பில் ஒட்டியது. பிறை மெருகுக்கு அடியில் இருக்கிறது, எழுத்து எதுவும் இல்லை. "கல்சட்டிக் கல்லா?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டார். காலையில் விபூதி பழையபடி அதில்தான். உள்ளே ஒரு மயிரிழை விரிசல் பழுப்பாக இருக்கிறது, குளோரின் போட்டால் போகுமா?

பீங்கான் பிரியன்:
குளோரின் வேண்டவே வேண்டாம், அது விரிசலுக்குள் இறங்கி மெருகைக் கெடுக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான துணி, அடியில் ஒரு துண்டு விரித்துக்கொண்டு கழுவுங்கள். பழுப்பு இருந்தால் இருக்கட்டும்.