அவசரம்: வேலைகளை மறக்காமல் இருக்க எந்தச் செயலி நல்லது?

தனியாள்_வேளச்சேரி | காலை 6:12
தனியாகத் தொழில் செய்கிறேன். சீசனில் வேலை குவிகிறது, பாதி மறந்துபோகிறது. நேற்று 11 மணிக்கு இரண்டு வீடுகளுக்கு வருவதாகச் சொல்லிவிட்டு மூன்றாவது வீட்டில் நின்றுகொண்டிருந்தேன். போனில் ஓர் அம்மா கேட்ட கேள்வி இன்னும் காதில் நிற்கிறது. மூன்று செயலிகளை இறக்கிப் பார்த்தேன், எதுவும் ஒத்துவரவில்லை. இலவசமாக ஒன்று சொல்லுங்கள். 7 மணிக்குக் கிளம்ப வேண்டும்.

தையற்கடை_பெரம்பூர் | 6:40
என்ன தொழில் தம்பி? சீசன் என்றால் எனக்குத் தீபாவளி, பந்தல்காரருக்கு முகூர்த்த மாதம்.

கட்டமே_துணை | 6:58
எந்தத் தொழிலானாலும் கூகுள் ஷீட் போதும். தேதி, பெயர், முகவரி, வேலை, முன்பணம், பாக்கி எனப் பதினோரு பத்திகள் போடுங்கள். முடிந்த வேலைக்குப் பச்சை, பாக்கிக்குச் சிவப்பு. என்னுடைய மாதிரியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

கணக்குப்பிள்ளை | 7:20
இதே கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது. தேடல் பெட்டி அழகுக்காக வைக்கப்படவில்லை. தொழில் என்ன, ஒரு நாளைக்கு எத்தனை வேலை, ஆள் உண்டா, பில் போடுகிறீர்களா? இவற்றைச் சொல்லாமல் செயலி கேட்பது, நோயைச் சொல்லாமல் மாத்திரை கேட்பது. தலைப்பில் ‘அவசரம்’ என்று போட்டால் எங்களுக்குக் கூடுதலாக ஒரு கை முளைக்காது.

தையற்கடை_பெரம்பூர் | 7:31
காலையிலேயே ஏன் ஐயா இவ்வளவு காரம்? பையன் வேலைக்குக் கிளம்பும் நேரம்.

தனியாள்_வேளச்சேரி | மதியம் 1:50
ஏசி சர்வீஸ். சொல்ல மறந்துவிட்டேன். ஒரு நாளைக்கு ஆறேழு வேலை, உதவிக்கு ஆள் இல்லை. பில் கேட்டால் மட்டும் கொடுப்பேன். இப்போது வேறொரு சிக்கல். எழும்பூரில் ஒரு வீட்டில் இரண்டு மாதம் முன்பு நான் கேஸ் ஏற்றினேனாம், மறுபடி குளிர் வரவில்லையாம். நான் ஏற்றினேனா என்றே நினைவில்லை. ஓர் அலுவலகத்தில் 38,000 ரூபாய் பாக்கி வேறு. நாள் முழுக்க உழைத்தும் கையில் காசு நிற்பதில்லை.

பழைய_மெக்கானிக் | 2:15
ஏசியில் கேஸ் தானாகத் தீராது. அது மூடிய சுற்று. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். எத்தனை கிராம் ஏற்றினீர்கள் என்று குறித்திருந்தால், இரண்டு மாதத்தில் எவ்வளவு போனது, கசிவு பெரிதா சிறிதா என்று இன்று கணிக்கலாம். குறிப்பில்லை என்றால் முதலிலிருந்து தேட வேண்டும், அதுவும் உங்கள் செலவில்.
எந்த கேஸ் ஏற்றினீர்கள்? ஆர்-32 ஆ, ஆர்-410ஏ ஆ? இரண்டும் கலக்கக் கூடாது. யூனிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பார்த்தீர்களா?
நான் முடித்த வேலையின் தேதியையும் கேஸின் எடையையும் உள் யூனிட்டின் முன்மூடிக்கு உட்புறம் மார்க்கரால் எழுதிவிடுவேன். வெளி யூனிட்டில் எழுதிப் பார்த்தேன். சென்னை வெயில் ஒரே கோடையில் தின்றுவிட்டது. நான் ஊரில் இல்லாதபோது வேறொருவர் போய்த் திறந்தாலும் கதை அங்கேயே இருக்கும்.

கட்டமே_துணை | 2:22
அதற்கும் ஷீட்டில் ஒரு பத்தி சேர்த்துவிடலாம்.

தையற்கடை_பெரம்பூர் | 2:40
பன்னிரண்டாவது பத்தியா? ஏணிமேல் நிற்பவர் எந்தக் கையால் நிரப்புவார்?
தம்பி, என் கடையில் ஒரு பிளவுஸ் வந்தால் அந்தத் துணியிலேயே ஒரு துண்டு வெட்டி நோட்டில் பின் அடிப்பேன். பக்கத்தில் எண், அளவு, முன்பணம், கொடுக்கும் தேதி. அதே எண் துணியிலும் இருக்கும். நோட்டில் ஏறாத துணியை மெஷின் பக்கம் கொண்டுபோக மாட்டேன், என் தங்கை கொண்டுவந்தாலும் சரி. தீபாவளிக்கு நாள் நிறைந்துவிட்டது என்பதும் நோட்டைப் பார்த்துத்தான் தெரியும். இல்லையென்றால் வந்தவர்களுக்கெல்லாம் சரி சொல்லி ஐப்பசி முழுக்கத் திட்டு வாங்கியிருப்பேன்.
உங்களுக்கு வேலை எந்த வழியில் வருகிறது? போனா, வாட்ஸ்அப்பா?

தனியாள்_வேளச்சேரி | 2:44
போன், வாட்ஸ்அப், இரண்டு அடுக்ககங்களின் வாட்ச்மேன்கள். வழியில் மறித்தும் சொல்வார்கள்.

தையற்கடை_பெரம்பூர் | 2:51
அப்படியென்றால் நீங்கள் மறக்கவே இல்லை. எழுதாததை எப்படி மறப்பது? நான்கு வாசல், ஒரு நோட்டும் இல்லை. யார் எங்கே சொன்னாலும் “வாட்ஸ்அப்பில் முகவரி அனுப்புங்கள், நேரம் சொல்கிறேன்” என்று மட்டும் பதில் சொல்லுங்கள். ஏணிமேல் நின்றபடி நேரம் கொடுக்காதீர்கள். இரவில் அதைப் பார்த்து மறுநாளை எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை | 3:30
நோட்டுப் பக்தர்களுக்கு ஒரு கேள்வி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி மூழ்கியபோது எத்தனை நோட்டுகள் மிஞ்சின?

தையற்கடை_பெரம்பூர் | 3:38
என்னுடையது மிஞ்சியது, பரணில் இருந்தது. உங்கள் போனுக்கு அந்த வாரம் எங்கே சார்ஜ் ஏற்றினீர்கள்?

கட்டமே_துணை | 3:41
ஷீட் போனில் இல்லை அக்கா, எங்கோ சர்வரில் இருக்கிறது. 2023 மிக்ஜாம் புயலில் எனக்கு ஒரு வரிகூடப் போகவில்லை.

தையற்கடை_பெரம்பூர் | 3:45
வரி போகவில்லை, சரி. மின்சாரமும் சிக்னலும் வரும்வரை அந்த வரியைப் பார்க்க முடிந்ததா?

பழைய_மெக்கானிக் | 3:52
வெள்ளம் வடியட்டும். எழும்பூர் வீட்டுக்கு எந்த கேஸ்?

கணக்குப்பிள்ளை | 4:10
38,000 பற்றி யாரும் பேசவில்லை. பில் கொடுத்தீர்களா? இல்லை என்றே நினைக்கிறேன். பில் இல்லாமல் அவர்கள் கணக்கில் உங்கள் பெயரே இருக்காது. பில் போட்டால் ஜிஎஸ்டி வந்துவிடும் என்ற பயம் வேண்டாம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பொதுவாகப் பதிவே தேவையில்லை. வரி சேர்க்காத சாதாரண பில், வரிசை எண்ணோடு. உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவு இலவசம், செய்துவையுங்கள். 2006 ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி, பதிவு செய்தவருக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் பணம் தர 45 நாளுக்கு மேல் தவணை கிடையாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியோடு. முறையிட அரசின் இணையதளம் இருக்கிறது. ஆனால் கையில் தாள் வேண்டும்.
காசு நிற்காததற்குக் காரணம்: வீட்டு மளிகையும் காப்பர் குழாயும் ஒரே வங்கிக் கணக்கிலிருந்து போகின்றன. இரண்டாவது கணக்கு திறந்து தொழில் க்யூஆரை அதற்கு மாற்றுங்கள். வாரம் ஒருமுறை உங்களுக்கு நீங்களே சம்பளம் போடுங்கள்.

தையற்கடை_பெரம்பூர் | 4:16
பார்த்தீர்களா, இவர் நல்லவர்தான். முதல் பத்தியைத் தாண்ட வேண்டும், அவ்வளவே.

கணக்குப்பிள்ளை | 4:18
தேடியிருந்தால் இதுவும் கிடைத்திருக்கும்.

தனியாள்_வேளச்சேரி | 16 நாட்களுக்குப் பின், இரவு 10:35
செயலி எதுவும் வைக்கவில்லை. நாற்பது ரூபாய் நோட்டு, வண்டிப் பெட்டியில் இருக்கிறது. வாட்ச்மேன்களில் ஒருவர் கோபித்துக்கொண்டார். அலுவலகத்தில் பில்லை நீட்டினேன், “இதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தோம்” என்றார்கள், பாதி வந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி. காலையில் 6 மணிக்கு வேலை.

பழைய_மெக்கானிக் | 10:52
மகிழ்ச்சி தம்பி. எழும்பூர் வீட்டில் எந்த கேஸ்?

பழைய_மெக்கானிக் | மறுநாள், இரவு 9:05
தம்பி?