சென்னை - திருநெல்வேலி காரில்: 5 வயதுப் பையன், 2 வயதுப் பெண்ணோடு எப்படிச் சமாளிப்பது?

தாம்பரத்து அம்மா:
வணக்கம். மே மாதம் மாமியார் வீட்டுக்குத் திருநெல்வேலி போகிறோம். வழக்கமாக ரயில்தான், இந்த முறை டிக்கெட் கிடைக்காததால் காரில் போகலாம் என்கிறார் வீட்டுக்காரர். பெரியவன் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் வாந்தி எடுப்பான். சின்னவள் மடியை விட்டு இறங்க மாட்டாள். 600 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறதே, ஒரே நாளில் போய்விடலாமா? போனைக் கையில் கொடுத்தால் அமைதியாக வருவார்களா?

பாளையங்கோட்டைக்காரி:
தங்கச்சி, பெரியவர்கள் மட்டும் என்றால் ஒரே நாளில் வந்துவிடலாம். இந்த வயதுப் பிள்ளைகளோடு வேண்டாம், திருச்சியில் ஒரு ராத்திரி தங்குங்கள். சென்னையிலிருந்து அங்கே சுமார் 330 கிலோமீட்டர், மிச்சம் 300க்குக் கொஞ்சம் குறைவு. மதியத்துக்குள் திருச்சி போய்ச் சேர்ந்தால், சாயங்காலம் ஸ்ரீரங்கத்துப் பக்கம் பட்டாம்பூச்சிப் பூங்காவில் இரண்டு பேரையும் ஓடவிடலாம். நாள் முழுக்க உட்கார்ந்து வந்த பிள்ளைக்கு ஓட இடம் கிடைத்தால்தான் ராத்திரி தூக்கம் வரும்.

வாந்தி எடுக்கிற பையனிடம் போனைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். வண்டி ஓடுவதைக் காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு உணர்கிறது, கண்ணோ அசையாத திரையைப் பார்க்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டுகிறது. முன்கண்ணாடி வழியாக அவன் தூரத்தைப் பார்த்துக்கொண்டே வரவேண்டும். நாங்கள் அதற்கு நம்பர் பிளேட் விளையாட்டு வைத்திருக்கிறோம். டிஎன் 19 என்றால் செங்கல்பட்டு, 32 விழுப்புரம், 46 பெரம்பலூர், 45 திருச்சி, 67 விருதுநகர். எங்கள் ஊர் 72. முன்னால் போகிற 72 வண்டியை முதலில் கண்டுபிடிப்பவருக்குக் கோவில்பட்டியில் கடலை மிட்டாய். என் மகன் இந்த மாவட்டங்களையெல்லாம் பள்ளிக்கூடம் போகும் முன்பே இப்படித்தான் கற்றுக்கொண்டான், எனக்கு அதில் ரொம்பப் பெருமை. சின்னவளுக்கு மட்டும் மிட்டாய் வேண்டாம், கடலை தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

விடிகாலை 4 மணிக்குக் கிளம்பிவிடுங்கள். பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோவில் நெரிசல் எல்லாம் பிள்ளைகள் தூக்கத்திலேயே கடந்துவிடும். வண்டி ஓட்டுகிறவர் முந்தின ராத்திரி சீக்கிரம் படுக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். விழித்ததும் இட்லி கொஞ்சம், அப்புறம் வழியில் கொறிக்கப் பொரி. வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டப் பாலும் பூரியும் ஆகாது.

மதுரை அப்பா:
சகோதரி, மடி விஷயத்தைக் கட்டாயம் கவனியுங்கள். சடன் பிரேக் போட்டால் எந்தத் தாயாலும் கையில் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது. பின்சீட்டில் குழந்தை இருக்கை பொருத்துங்கள், ஏர்பேக் உள்ள முன்சீட்டில் வேண்டாம். 14 வயதுக்குக் கீழுள்ளவர்களைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப் போனால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019 சட்டத்திருத்தத்திலேயே இருக்கிறது. இருக்கையை இப்போதே வாங்கி, கடைக்குப் போகும்போதெல்லாம் அதில் உட்காரவைத்துப் பழக்குங்கள். வழியில் அழுதால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தித் தூக்கிக்கொள்ளுங்கள், ஓடுகிற வண்டியில் பெல்ட்டைக் கழற்றாதீர்கள். இன்னொன்று, மே மாத வெயில். டீ வாங்கும் இரண்டு நிமிஷத்துக்குக்கூடப் பிள்ளைகளைப் பூட்டிய காரில் விடக்கூடாது.

தாம்பரத்து அம்மா:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணா. திருச்சியில் தங்க அவரும் சரி என்றுவிட்டார். வாந்திக்கு மாத்திரை கொடுக்கலாமா? இரண்டாம் நாள் எங்கெங்கே நிறுத்துவது?

பாளையங்கோட்டைக்காரி:
மருந்தைக் குழந்தை மருத்துவர்தான் எடை பார்த்துச் சொல்ல வேண்டும், கடையில் கேட்டு வாங்காதீர்கள். குமட்டல் ஆரம்பித்த பிறகு கொடுத்துப் பிரயோஜனமில்லை, கிளம்புவதற்கு எவ்வளவு நேரம் முன்னால் என்றும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றுச் சட்டையும் பிளாஸ்டிக் பையும் டிக்கியில் வேண்டாம், காலடியில் இருக்கட்டும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். காலையில் விராலிமலையில் இறங்கினால் மயில் கண்ணில் படலாம். மதுரை தாண்டிச் சாத்தூரில் சேவு வாங்கிக்கொள்ளுங்கள். கயத்தாறில் கட்டபொம்மன் நினைவிடம் சாலையோரமே இருக்கிறது, 1799இல் அவரைத் தூக்கிலிட்ட ஊர் அது. பெரியவனுக்குக் கதை சொல்லலாம். ஊர் கிட்ட வந்துவிட்டதே என்று அந்த நிறுத்தத்தை விட்டுவிடாதீர்கள், பிள்ளைகள் அதிகம் நச்சரிப்பது கடைசி அரைமணி நேரத்தில்தான். வழியில் வண்டி நின்றுபோனால் 1033க்குக் கூப்பிடுங்கள், தேசிய நெடுஞ்சாலை உதவி எண் அது.