துடிப்பைக் காதால் கேட்டவர்கள் வாங்க, சொல்லுங்க

தொடங்கியவர்
போன வாரம் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கப் போயிருந்தேன். டாக்டர் ஒரு பட்டனைத் தட்டினதும் அறை முழுக்க 'உஷ்ஷ்... உஷ்ஷ்'னு இரைச்சல். "இது ரத்தம் ஓடுறது, லப்-டப் வேற. அது வால்வுகள் சாத்திக்கிற சத்தம்"னார். இத்தனை வருஷமா இதயச் சதை சுருங்குற சத்தம்தான் லப்-டப்னு நினைச்சிட்டிருந்தேன். உங்களுக்கு எப்போ, எப்படிக் கேட்டுச்சு?

வால்வுக்காரன்
எனக்கு எப்பவும் கேட்கும், நின்னாத்தான் செய்தி! சின்ன வயசுல தொண்டை வலி, அப்புறம் மூட்டு வீக்கம், காய்ச்சல். யாரும் பெருசா எடுத்துக்கலை. அது ருமாட்டிக் காய்ச்சல். இதயத்துல இருக்கற மைட்ரல்ங்கற வால்வைக் கெடுத்துட்டுப் போயிருக்கு. நாற்பதைத் தொடும்போது ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. கடைசில நெஞ்சைத் திறந்து செயற்கை வால்வு வெச்சாங்க.

ஆபரேஷனைப் பத்தி எல்லாம் சொன்னாங்க, சத்தத்தைப் பத்தி யாரும் வாயைத் திறக்கலை. வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி கரண்ட் போச்சு. ஃபேன் நின்னதும் இருட்டுல 'டிக், டிக்'. சுவர்க் கடிகாரம்னு நினைச்சு என் பொண்ணு எழுந்து தேடிப் பார்த்தா. இடப்பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தா கூடுதலாக் கேட்கும். வாயைத் திறந்தா பக்கத்துல இருக்கறவங்களுக்கும் கேட்கும். வீட்டம்மாவுக்கு இதுல ஒரு லாபம்: "கோவமே இல்லைங்கறீங்க, உள்ள ஓடுற ஓட்டம் வேற சொல்லுதே"ன்னு பிடிச்சிருவா.

புதுசா இந்த மாதிரி டிக் அடிக்கிற வால்வு மாத்தினவங்க ரெண்டு விஷயம் மனசுல வெச்சுக்கோங்க. ஒண்ணு, ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை. அதை ஆயுசு முழுக்க நிறுத்தக் கூடாது, ரத்தம் எவ்வளவு சீக்கிரம் உறையுதுன்னு பார்க்கற ஐஎன்ஆர் டெஸ்டையும் தள்ளிப் போடக் கூடாது. கீரையே தொடாதேன்னு சொந்தக்காரங்க மிரட்டுவாங்க. தொடலாம், ஆனா ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒண்ணுமே இல்லைன்னா ஐஎன்ஆர் ஆடிரும். அளவு ஒரே சீரா இருக்கணும், அவ்வளவுதான். ரெண்டாவதுதான் முக்கியம்: தெளிவா கேட்டுக்கிட்டிருந்த டிக் சத்தம் திடீர்னு மங்கிப் போனா 'அப்பாடா'ன்னு நிம்மதியா இருந்துராதீங்க. வால்வுல ரத்தக் கட்டி சேர்ந்திருக்கலாம். அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

தஞ்சாவூரான்
அண்ணே, உங்களுது சித்ரா வால்வா? எங்க மாமாவுக்கு அதுதான். சத்தம் அவ்வளவா இல்லைங்கறார்.

வால்வுக்காரன்
இல்லப்பா, என்னுது ரெண்டு தட்டு உள்ள கார்பன் வால்வு. சித்ரா, திருவனந்தபுரத்து ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்துல உருவாக்கினது; 1990 டிசம்பர்ல முதல்முதலா ஒரு நோயாளிக்கு வெச்சாங்க. அதோட தட்டு பாலிஎத்திலீன். தட்டு பிளாஸ்டிக்கா இருக்கறதால சத்தம் கம்மியா இருக்கும்.

லேபர்வார்டு அக்கா
அரசு மருத்துவமனை பிரசவ வார்டுல வேலை. ஒரு ஷிஃப்டுல எத்தனை துடிப்பு கேட்போம்னு எண்ண முடியாது. வலி வந்த பிறகு பிள்ளையோட துடிப்பை அரை மணிக்கு ஒரு தடவையாவது பார்ப்போம். முக்கற கட்டத்துல அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை. இப்போ துடிப்பை ஸ்பீக்கர்ல கேட்க வைக்கற கையடக்க டாப்ளர் கருவி இருக்கு. நான் படிக்கும்போது குழல்தான். அம்மா வயித்துல ஒரு முனையும் என் காதுல ஒரு முனையுமா குனிஞ்சு நிக்கணும். முதுகு போயிடும்!

எங்க சிஸ்டர் முதல்ல கத்துக்கொடுத்தது: ஒரு கை எப்பவும் அம்மாவோட மணிக்கட்டுல இருக்கணும். பயத்துலயும் வலியிலயும் அம்மா நாடி 120 வரைக்கும் ஏறும். அதைக் கேட்டுட்டுப் பிள்ளை நல்லா இருக்குன்னு எழுதினா அங்கதான் ஆபத்து. பிள்ளைக்கு 110 முதல் 160 வரைக்கும் இருக்கலாம். ஸ்பீக்கர்ல கேட்கற பாட்டிமாருங்க "ஏம்மா இந்த ஓட்டம் ஓடுது, நெஞ்சு வலிக்குதா பிள்ளைக்கு?"ன்னு பதறுவாங்க. பெரியவங்களுக்குத்தான் 60-லேர்ந்து 100, இதுக்கு இதுதான் நடைன்னு சொன்னா சமாதானமாவாங்க.

அடுத்த கேள்வி தயாரா இருக்கும்: "வேகமா அடிச்சா பொண்ணாமே?" அது சும்மா பேச்சு. துடிப்பை வெச்சு ஆணா பெண்ணான்னு சொல்லவே முடியாது. வேற வழியில தெரிஞ்சாலும் சொல்றது சட்டப்படி குற்றம்.

ராத்திரிக் காப்பி
எனக்குக் கேட்கறதில்லை, தெரியறது. சும்மா உட்கார்ந்திருப்பேன், ஒரு துடிப்பு விட்டுப்போகும், அடுத்தது தொண்டை வரைக்கும் 'தடக்'னு இடிக்கும். கதை முடிஞ்சுதுன்னே நினைச்சேன். இசிஜி, எக்கோ, உடம்புல மாட்டிக்கிட்டு 24 மணி நேரம் பதியற ஹோல்டர் எல்லாம் பார்த்தாச்சு. துடிப்பு விட்டுப் போகலையாம், முன்கூட்டியே வந்துடுதாம். அதுக்கப்புறம் கொஞ்சம் இடைவெளி, அதுல ரத்தம் கூடுதலா நிரம்புது, அதனால அடுத்த அடி பலமா விழுது. எனக்கு ஆபத்தில்லைன்னாங்க. மயக்கமோ நெஞ்சுவலியோ சேர்ந்து வந்தா கதையே வேறயாம், அப்போ காத்திருக்கக் கூடாதுன்னாங்க. காப்பியைக் குறைச்சேன், தூக்கத்தைக் கூட்டினேன். தூக்கம்தான் வேலை செஞ்சுதுன்னு எனக்குத் தோணுது.

சர்வர்சாமி
எங்க ஆபீஸ்ல மிஷினுக்கும் ஹார்ட்பீட் உண்டு. ஒரு சர்வர் இன்னொண்ணுக்கு சில நொடிக்கு ஒரு தடவை 'இருக்கேன்'னு சேதி அனுப்பும். அது வரலைன்னா நடுராத்திரி என் போன் அடிக்கும், அப்போ என் நெஞ்சு அடிக்கிறது தெருவுக்கே கேட்கும். 2014-ல வந்த ஹார்ட்பிளீட் ஞாபகம் இருக்கா? இணையத்துல தகவலைப் பூட்டி அனுப்பற ஓப்பன்எஸ்எஸ்எல்ங்கற மென்பொருள்ல இதே மாதிரி ஹார்ட்பீட் சேதியில இருந்த ஓட்டைதான். 'இருக்கியா'ன்னு கேட்கற சாக்குல, சர்வரோட நினைவகத்துலேர்ந்து ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரைக்கும் உருவ முடிஞ்சுது.

வைத்தியர் பேரன்
தாத்தா நாடி பார்ப்பார். ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை. மூணு விரல் வெச்சு வாதம் ஒண்ணு, பித்தம் அரை, ஐயம் (அதாவது கபம்) கால்னு கணக்கு. எனக்கு அது பிடிபடலை. ஆனா விரல் வெச்சதும் அவர் பேச்சை நிறுத்திடுவார், வந்தவங்களும் கப்சிப். இப்போ வாட்ச்ல 72-ன்னு நம்பர் வருது, அதைப் பார்த்துக்கிட்டே போனும் பேசறேன்.

தொடங்கியவர்
வால்வுக்காரண்ணே, ஒரு சந்தேகம். ஏர்போர்ட் சோதனைல உங்க வால்வுக்கு மணி அடிக்குமா?

வால்வுக்காரன்
எனக்கு இதுவரை அடிச்சதில்லை தம்பி. வால்வு கார்டு எப்பவும் பர்ஸ்ல இருக்கும். பல்லு டாக்டர்கிட்ட போனாலும், ஸ்கேனுக்குப் போனாலும் முதல்ல அதை நீட்டிடுவேன். பெல்ட் பக்கிளுக்குத்தான் அடிச்சிருக்கு.